டிரைவர் சொன்ன சாட்சி

என் அன்புக்குரிய உங்களுக்கு,

ஸ்தோத்திரம். நானும் பிள்ளைகளும் நலம். அங்கே உங்கள் ஊழியக் கூட்டங்களில் ஜனங்கள் நிரம்பி வழிந்ததை டிவியில் பார்த்தோம். தொண்டை எப்படி இருக்கிறது? வெந்நீரே குடியுங்கள். போன் செய்தால் உங்கள் செயலாளர்தான் எடுக்கிறார், ஐயா ஜெபத்தில் இருக்கிறார் என்கிறார். நாள் முழுக்க ஜெபம் செய்கிற ஆளா நீங்கள் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் உங்கள் தம்பி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் நடந்ததை யார் எப்படிச் சொன்னார்களோ, நான் சொல்கிறேன். நீங்கள் இல்லாததால் பிரசங்கத்தைச் சுருக்கி, சாட்சி நேரத்தை நீட்டினார்கள். நோய் தீர்ந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள் வரிசையாக வந்து மைக் பிடித்தார்கள். ஒவ்வொருவர் முடித்ததும் கைதட்டல், டிரம்ஸ். கடைசியாக மேடையேறினார் நம் டிரைவர் அண்ணன். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. பொத்தான் போட வயிறு விடவில்லை.

"நான் வாடகை வீட்டுல இருக்கேன். ஐயா ஒரு நாள் கையெழுத்துப் போடச் சொன்னார், எதுக்குன்னு கேக்காமப் போட்டேன். போன வாரம் என் பேருக்கு வீட்டு வரி நோட்டீஸ் வந்துச்சு. போய்ப் பாத்தா கடலோரத்துல பங்களா. நீச்சல் குளம்கூட இருக்கு. வெளியே சொல்லாமலே ஐயா எனக்குக் கொடுத்திருக்கார்" என்று சொல்லி அழுதேவிட்டார். கூட்டம் மொத்தமும் எழுந்து தட்டியது. டிரம்ஸ்காரப் பையன் வெளுத்து வாங்கினான். பெரிய திரையில் அண்ணன் முகம், நேரடி ஒளிபரப்பு வேறு.

கைதட்டல் முதலில் சபையை நிர்வகிக்கிற மூப்பர்கள் வரிசையில் நின்றது. பிறகு பின்னால் குறைந்துகொண்டே போனது. கடைசியில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலித்து, அதுவும் அடங்கியது. பாடகர் குழுவில் இருக்கிற ஓய்வுபெற்ற நர்சம்மா எழுந்தார். "கடலோரத்துல அநாதை இல்லம் கட்டுறோம்னுதானே எங்ககிட்ட காணிக்கை வாங்கினீங்க? இல்லம் எங்கே?" என்று கேட்டார். எல்லார் கண்ணும் என்மேல் விழுந்தது.

மைக் என் கைக்கு வந்தது. நான் எப்போதும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன், உங்களுக்குத் தெரியும். அன்று, "இல்லம் இல்லை. அந்த பங்களாதான் இருக்கு. திரைச்சீலைக்கு நிறம் பாத்துக் கொடுத்தது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். குரல் நடுங்கவே இல்லை. சிலர் திட்டினார்கள், சிலர் அழுதார்கள், முகம் தெரியாத ஒருத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அப்படி ஒரு பசி. பிள்ளைகளுக்கு வைத்திருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுகாலமாகிறது. சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் அதுதான் உண்மை.

மறுநாள் சபை வக்கீல் வந்தார். டிரைவர்தான் காணிக்கையைச் சுருட்டினார் என்று புகார் கொடுத்துவிடலாமாம், பத்திரம் அவர் பேரில்தானே இருக்கிறது என்றார். நீங்களும் சரி என்று சொன்னீர்களாம். நான் நம்பவில்லை. பாதி காப்பியோடு அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். மூப்பர்கள் வருகிற ஞாயிறுவரை பொறுப்பார்கள். அதற்குள் நீங்கள் வந்து சபைமுன் கணக்குச் சொல்லாவிட்டால் போலீசுக்குப் போவார்கள். போலீஸ் முதலில் தட்டப்போவது அண்ணன் வீட்டுக் கதவைத்தான். கூட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகும் நீங்கள் ஏன் அங்கேயே இருக்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நேற்று அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றார். "நான் தப்பா ஏதும் பேசிட்டேனாம்மா? பரவால்ல, ஐயா வந்து ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் சரியாயிடும்" என்றார். காரைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை உங்களை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போகிறாராம். நீங்கள் வருவீர்களா என்று அவர் கேட்கவில்லை. எந்த விமானம் என்றுதான் கேட்டார்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து இறங்கியதும் அண்ணன் வழக்கம்போலப் பெட்டிக்குக் கை நீட்டுவார். கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்கு உங்கள் பெட்டியை நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி