மலை வண்டிக்கு இடாத கையெழுத்து

நவம்பர் 15, சனி. காலை முதல் தூறல்.

என் பெயர் க. சிவசுப்பிரமணியன். வயது ஐம்பது. மைசூரில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வாகனப் பராமரிப்புக் கண்காணிப்பாளர். இந்தக் குறிப்பேட்டின் நோக்கம் ஒன்றே: இரத்தக் கொதிப்பைக் குறைப்பது. மருத்துவர் சொன்ன முறை, நாள்தோறும் இரண்டு பத்திகள். இடப்பக்கம், என் கையில் உள்ளவை. வலப்பக்கம், என் கையில் இல்லாதவை. வலப்பக்கத்தில் எழுதியதை அத்துடன் விட்டுவிட வேண்டும்.

இ.கொ. 160/100.

இடம்: மாத்திரை, காலை 8. நடை, நான்கு சுற்று. ஊறுகாய் நிறுத்தம். பழைய பேருந்தின் சோதனை.
வலம்: மழை. மேலாளர் நாகேஷின் குணம். விஜயநகரில் எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டது.

பேருந்து சோதனை முடிந்தது. எஞ்சினை அணைத்த பிறகு பிரேக் காற்றழுத்தம் எட்டிலேயே நிற்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு இறங்கிவிட்டது. பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பட்டையான பிரேக் லைனர், அதைப் பிணைக்கும் ரிவெட் ஆணி வரை தேய்ந்திருக்கிறது. புதியது வெள்ளிக்கிழமைதான் வரும். பதிவேட்டில் எழுதினேன்: "ஓட்டத் தகுதியற்றது. நிறுத்தி வைக்கவும்." கையெழுத்து, நேரம், தேதி. மனம் லேசானது.

நவம்பர் 17, திங்கள். வெயில் இல்லை. இ.கொ. 150/96.

நடை, மூன்று சுற்று. நான்காவதன்போது மழை.

வியாழன் வார விடுமுறை. அன்றே அமாவாசை. தொழிலாளர்கள் நாற்பத்திரண்டு பேர் மாதேஸ்வரன் மலைக்குப் போகிறார்கள். ஆலையின் அதே பழைய பேருந்தில் என்று எப்போதோ முடிவாகியிருக்கிறது.

தையல் பிரிவுச் செல்வி, ஹனூர்ப் பக்கத்துப் பெண், உணவுக்கூடத்தில் நிறுத்திக் கேட்டாள்: "ஏனுங் சார், வண்டி வருமுங்களா? புள்ளைக்கு மலையில முடி எடுக்கோணும்."

"அறிவிப்புப் பலகையில் போடுவார்கள்" என்றேன்.

"சாரு சிரிக்கறதுனாக்கூட பலகையில போட்டுட்டுத்தான் சிரிப்பாராட்ட இருக்குது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். இருவருக்கும் ஒரே சிரிப்பு.

பயண ஏற்பாடு மேலாளருடைய பொறுப்பு. என்னுடையது அன்று. வலப்பக்கம்.

நவம்பர் 18, செவ்வாய். மூட்டம்.

காலை ஒன்பதுக்கு அழுத்தமானி எட்டில் நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம், அசையவே இல்லை. நான் இல்லாத நேரத்தில் வெளியிலிருந்து யாரையோ கூட்டிவந்து காற்றுக்குழாயின் கசிவை மட்டும் அடைத்திருக்கிறார்கள். சக்கரத்தை யாரும் தொடவில்லை; தேய்ந்த லைனர் அப்படியே இருக்கிறது. முள் சரியாகக் காட்டுவதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

நாகேஷ் பதிவேட்டோடு வந்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் பாதி கன்னடம்.

"பிரெஷர் நிக்குதல்லவா சார்? இன்னேனு, வேற என்ன வேணும்? சும்மனே தலை கெடுத்துக்காதீங்க. அமாவாசைக்கு வாடகை வண்டி ஒண்ணுகூட இல்லை. ஒரே ஒரு கையெழுத்து."

"லைனர் மாற்றாமல் முடியாது."

"மலை மேல இருக்கறவர் பாத்துக்குவார் சார்."

மறுத்தேன். அவர் கோபப்படவில்லை. பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விசில் அடித்தபடியே போனார்.

பேருந்து ஓட்டுநர் பழனி வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் காத்திருந்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை.

"போன அமாவாசைக்கே மலை எறக்கத்துல பிரேக்க மிதிச்சனுங். காலு கீழ போயிட்டே இருந்துச்சு, வண்டி நிக்கலீங். கியர்ல புடிச்சுப் புடிச்சு எறக்குனேன். உள்ளாற எல்லாரும் பாட்டுப் பாடிட்டு இருந்தாங்க. ஒருத்தருக்கும் தெரியாதுங்."

"ஏன் எழுதித் தரவில்லை?"

"எழுதுனா ஓட்டத் தெரியாதவன்னு எம்பேருதானுங்க வரும்."

"வியாழக்கிழமை நீ ஓட்டாதே."

"நான் இல்லீன்னா வெளியாளைப் போடுவாங்க. அவனுக்கு அந்த வளைவுக தெரியுமுங்களா?"

இ.கொ. பார்க்கவில்லை.

நவம்பர் 19, புதன். மழை.

காலை 8.10. நாகேஷின் தொலைபேசி. "பிபி இருக்கு உங்களுக்கு. இரண்டு நாள் ரெஸ்ட் எடுங்க சார். உங்களுக்குப் பதிலா செக்யூரிட்டி அதிகாரி கையெழுத்துப் போட்டுக்குவார்."

விடுப்புக் கடிதம் எழுதி அனுப்பினேன். அது ஒன்றுதான் இன்று இடப்பக்கத்தில்.

மின்கட்டணம் கட்ட வேண்டும். குடைக்கம்பி உடைந்திருக்கிறது.

மதியம். தட்டில் தயிர்சாதம் அப்படியே. மனைவி கோமதி எதிரில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நான் விதிப்படி நடந்ததையும் சொன்னேன்.

"கையெழுத்து போடலை. உங்க கை சுத்தம். சரி. வண்டில ஏறப்போறவங்களுக்கு இது தெரியுமா?"

"அது என் வரம்பில்..."

"தெரியுமா தெரியாதா, அதைச் சொல்லுங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிற்பகல் 3.40. பழனி அழைத்தான். பின்னால் பெண்கள் பேச்சு, குழந்தை அழுகை.

"சார், இன்னைக்கே அஞ்சரைக்குக் கெளப்பச் சொல்லீட்டாங்க. ராத்திரி மேல தங்கி வெடியால சாமி பாக்கறாங்களாமா. வண்டிக்கு மாலையெல்லாம் போட்டாச்சுங்."

"எடுக்க முடியாது என்று சொல்லிவிடு."

"நாஞ்சொன்னா பழனி பயந்துட்டான்னு சிரிப்பாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. சிரிக்காத மனுசன் நீங்க."

வைத்துவிட்டான்.

3.50. முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். லைனர், காற்றழுத்தம், கையெழுத்து, விடுப்பு எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நாற்பத்திரண்டு பேரில் ஒருவரிடமும் ஒரு சொல் சொன்னதாக எங்கும் இல்லை. பதிவேட்டில் எழுதியதே போதும் என்று இருந்திருக்கிறேன். அதை அவர்கள் எவரும் படிப்பதில்லை. செல்வி நேருக்கு நேராகக் கேட்டாள். பலகையைப் பார் என்றேன்.

அவர்கள் நம்புவார்களா, தெரியாது. நாகேஷ் வாசலிலேயே என்னைத் தடுக்கலாம். நாளை வேலை இருக்குமா என்பதும் தெரியாது. எதையும் எந்தப் பக்கத்திலும் எழுதப் போவதில்லை.

ஆலைக்குப் போவதாகக் கோமதியிடம் சொன்னேன். "ஸ்கூட்டர் சாவி ஆணியில தொங்குது" என்றாள்.

ஸ்கூட்டரில் ஆலை வாசலுக்கு அரை மணி நேரம். மழையில் முக்கால். பேனாவை மூடிவிட்டுக் கிளம்புகிறேன். பேருந்தின் படியில் நின்றுகொள்வேன். ரிவெட் வரை தேய்ந்த பிரேக்கைப் பற்றி, ஏற வரும் ஒவ்வொருவரிடமும் என் வாயாலேயே சொல்வேன். முதலில் செல்வியிடம்.