மணிப்பூச் சரிவு

செப்டம்பர் 14

வசந்தம் வந்ததும் சரிவில் மணிப்பூ பூத்துவிட்டது. முழங்காலுக்குக்கூட வராத செடி, தலைகவிழ்ந்த இளஞ்சிவப்புப் பூ. போன காட்டுத்தீக்குப் பிறகு விதையிலிருந்து வந்தவை. இதுதான் முதல் பூப்பு. விதை உதிர்க்கும் முன் இன்னொரு தீ வந்தால் இந்தச் சரிவில் இனி மணிப்பூ இல்லை.

அடுத்த மாதம் ஊர்த் தீயணைப்புக் குழு கோடையில் பெருந்தீ வராமலிருக்க இங்கேதான் முன்கூட்டியே சருகெரிக்கப் போகிறது. குழுவின் கேப்டன் டூகல். என் கணவன்.

செப்டம்பர் 20

கூட்டத்தில், விதை உதிரட்டும், ஏப்ரலில் இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போடுங்கள் என்றேன். மெரின் எழுந்தாள். அவள் வீடு சரிவின் அடியில். போன தீயில் எரிந்து, புதிதாகக் கட்டியது.

"உன் பூ போனா திரும்ப முளைக்கும், டாம்சின். எங்கம்மா போட்டோ முளைக்குமா?"

முளைக்காது. பூவும்தான் முளைக்காது. உட்கார்ந்துவிட்டேன்.

வண்டியில் டூகல்: "உன் பூ இருக்கற திட்டை மட்டும் எரிக்காம விட்டுடறேன். நம்ம வழக்கம் தெரியுமில்ல? விடச் சொன்னவங்கதான் தண்ணிக் குழாயோட அங்க நிக்கணும்."

நிற்கிறேன்.

அக்டோபர் 9

திட்டைச் சுற்றி வெறும் மண் தெரியும்வரை சுரண்டினேன். காய்கள் இன்னும் பச்சை. நாளை.

அக்டோபர் 10

கடல்காற்று சாயங்காலம்தான் என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டது. தீ நான் சுரண்டிய கோட்டின் ஓரமாகவே இறங்கி மெரின் வேலிக்குப் போனது.

ரேடியோவில் டூகல்: "டாம்ஸ், வேலிகிட்ட யாரு இருக்கா?"

நான்தான். வேறு யார்? ஒரு குழாய், பாதித் தொட்டித் தண்ணீர். திட்டைத் திரும்பிப் பார்த்தேன் — பார்த்துவிட்டுத்தான் குழாயோடு வேலிக்கு ஓடினேன்.

வீடு தப்பியது. கோழிக்கூடு பாதி போச்சு. மெரின் முகமெல்லாம் கரி. "கோழியெல்லாம் என் குளியலறையில இருக்கு. கதவத் திறந்துடாத!" இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அவள் தோளுக்குப் பின்னால் திட்டு எரிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 11

சாம்பல்.

ஜூன் 2

டூகல் அதைப் பற்றிப் பேசுவதில்லை. காலையில் டீ போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான். எனக்கு ஏன் இன்னும் ஆத்திரம்? யார் மேல்?

ஆகஸ்ட் 23

சரிவில் பெரணிதான். மணிப்பூ ஒன்றுமில்லை.

இறங்கும்போது பார்த்தேன். மெரின் வேலியோரம், பழைய கோழிக்கூட்டுக் கம்பிவலையைக் கூண்டாக வளைத்து, மேலே கல் வைத்திருந்தார்கள். உள்ளே சுண்டுவிரல் உயரத்தில் மணிப்பூக் கன்று. தீக்கு முன்பே முற்றிய ஏதோ ஒரு காயிலிருந்து எறும்பு விதையை இழுத்து வந்திருக்க வேண்டும்.

மெரின் ஜன்னலிலிருந்து கத்தினாள்: "வாலபிக் கங்காரு வந்து தின்னுடும்னுதான் வெச்சேன். அதுக்காக உக்காந்து அழாத. உள்ள வா, டீ ஆறுது."