யோகாவின் உள்ளங்கால்

சனி. மழை, வெயில், மறுபடி மழை. உடுப்புக் காயப்போட்டு எடுத்தது மூன்று தடவை.

மகள் தந்த வவுச்சரோடு மனுகாவ் கடைத்தொகுதியில் சீனக் கால் மசாஜ். எனக்கும் மனிசி யோகாவுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மர வாளியில் மூலிகைச் சுடுதண்ணீர். சுவரில் உள்ளங்கால் படம்: நடுவில் சிறுநீரகம், பெருவிரலில் மூளை. என் மூளையை அமத்தினார்கள், உயிர் போனது. மனிசிக்கு ஒரே சிரிப்பு. "உங்களுக்கு அது இருக்கெண்டு இப்பதான் தெரியுது."

தன் காலை அமத்தியபோது அவள் மூச்சே விடவில்லை. என்னோடு இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதெல்லாம் ஒரு நோவா என்று பெருமையாக இருந்தது. அவளுக்கு அமத்திய நரைத்த சீனப் பெண் திடீரென நிறுத்தினார். கண்ணை மூடச் சொல்லி, எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டார். யோகா பிழையாகச் சொன்னாள். இரண்டாம் தரமும் பிழை. "சீனி வருத்தம், டயபிடிஸ் இருக்கா?" ஓம் என்றாள். பாதத்தை மெல்லத் துடைத்துவிட்டு, இனி அமத்தமாட்டேன், டொக்டரிடம் போங்கள் என்றார். நல்ல மனுசி. நான்தான் மடையன்.

செவ்வாய். காற்று. கிளினிக்.

நேர்ஸ் நைலோன் நூலால் குத்திப் பார்த்தா. இடது காலில் பாதி இடத்தில் குத்தினது தெரியவில்லை. வெறுங்காலோடு நடக்கக்கூடாது. தினமும் உள்ளங்கால் பார்க்க வேண்டும், காயம் வந்தால் தெரியாமலே பழுத்துவிடும். யோகா கேட்டது ஒன்றுதான்: "கோயிலுக்கு?" சொக்ஸ் போடலாமாம்.

பின்னேரம் நிலத்தில் குந்தி, காலைத் தா என்றேன்.

"விசரே உங்களுக்கு? புருசன் காலைப் பிடிக்கிறதோ? பாவம் எனக்குத்தான் வரும்."

முழங்கால் மடியாது அவளுக்கு. கண்ணாடியை நிலத்தில் வைத்துத் தானே பார்த்தாளாம். ஒன்றுமில்லையாம். பிடிவாதக்காரி.

வியாழன். வேலையால் வர ஐந்தரை. தோட்டுச் சுரையை, காதுக்குப் பின்னால் பூட்டும் திருகாணியை, காணவில்லை என்று வீடு முழுக்கக் காலையிலிருந்து தேடியிருக்கிறாள். செருப்பைக் கழற்றினாள். சொக்ஸில் இரத்தம். சுரை குதிக்காலில் ஏறிப்போய் இருக்கிறது. நாள் முழுக்க அதன் மேல் நின்றே தேடியிருக்கிறாள்.

நிலத்தில் குந்தினேன். இந்தத் தரம் அவளே காலை நீட்டினாள். சுரையை எடுத்து, கழுவி, மருந்து போட்டேன். நாளைக்குக் காலையில் கிளினிக். கட்டுப் போட்ட பிறகும் பாதத்தை விட மனம் வரவில்லை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, இன்னும் பிடிச்சிருக்கிறீங்களோ, விட்டிட்டீங்களோ?"

"பிடிச்சிருக்கிறன்."