கை நனைக்காத பத்து நாள்

கோட்டுச்சேரி
12.4.81

சௌபாக்கியவதி ஞானசௌந்தரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையால் நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். விசாகப்பட்டினத்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் விளக்கேற்றும்போது அம்மா கேட்கும் வரம். அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. கறுப்புப் பசு போன செவ்வாய்க்கிழமை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, சீம்பால் காய்ச்சி நாலு வீட்டுக்குக் கொடுத்தோம், உனக்குத்தான் கொடுக்க முடியவில்லை. நாளை மறுநாள் சித்திரை பிறக்கிறது, அதற்குள் வாய்க்கால் வறண்டு பிளந்து கிடக்கிறது.

உன் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் பிள்ளைகளோடு மே மாதம் ஒரு வாரம் மெட்ராஸ் போகிறார், வெயில் காலத்தில் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற ஹோட்டல் எதுவென்று கேட்கிறார், எனக்கு அங்கே மூன்று வருஷம் குடியிருந்தும் ஒரு ஹோட்டலும் தெரியாது, அப்பாவுக்குத்தான் தெரியும் என்று எழுதியிருந்தாய். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு, மாப்பிள்ளையைக் கேட்டாலே தெரியுமே, என்னை ஏன் கேட்கிறாள் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கதான் சொல்லணும்னு கேக்குறா, எழுதுங்க" என்றாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளை என்ற சொல்லை இந்தக் கடிதத்தில்தான் முதல் தடவையாக எழுதுகிறேன் என்பதையும் அவள்தான் கவனித்துச் சொன்னாள்.

கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் உள்ள சின்னக் கடையில் காலை ஏழு மணிக்குள் இட்லி சாப்பிட்டுவிட வேண்டும், நேரமானால் சட்னி புளித்துப்போகும். மத்தியானத்துக்குத் திருவல்லிக்கேணி கைலாசநாதன் மெஸ். பதினொன்றரைக்கே போய் உள் அறையில் உட்காரச் சொல், முன் அறைக்குத் தகரக் கூரை, அனல் அடிக்கும். அங்கே தயிர் சாதமும் கீரை மசியலும் போதும், சாம்பாரைத் தொடவே வேண்டாம். பாரிமுனையில் முகம்மது இப்ராஹிம் என்பவர் நன்னாரி சர்பத் போடுகிறார், பிள்ளைகளுக்கு ஐஸ் போடாமல் பானைத் தண்ணீரில் கலக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் கலந்து கொடுப்பார். எல்லாவற்றிலும் நல்லது மயிலாப்பூர் குளத்துக்குப் பின் தெருவில் அமுதம் அம்மாள் தன் வீட்டிலேயே போடும் சாப்பாடு. எட்டுப் பேருக்கு மேல் பந்தி கிடையாது, வாழைத்தண்டு மோர்க்கூட்டு இருக்கும், முதல்நாளே சொல்லி வைக்க வேண்டும்.

இதில் ஒன்றுகூட நானாகக் கண்டுபிடித்தது இல்லை. எழுபத்தெட்டு மே மாதம் வயிற்றுப் புண்ணுக்காக டாக்டரைப் பார்க்க வந்து பத்து நாள் மெட்ராசில் உன் வீட்டில் தங்கினேனே, தங்குவேன், ஆனால் கை நனைக்க மாட்டேன் என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டு. கடற்கரை மீனவர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள், அவன் வீட்டில் ஒரு வாய் தண்ணீரும் குடிக்க மாட்டேன் என்று ஊரில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டோம், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்ற வீறாப்பு. தெருக் குழாயில் கூஜாவை நிரப்பி வைத்துக்கொண்டேன். காரம் ஆகாது என்று டாக்டர் சொன்னதை நீ கதவோரம் நின்று கேட்டாய். மறுநாளிலிருந்து மிளகாய் கிள்ளிப் போடாமல் சமைத்து மூன்று இலை போட்டாய். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பேப்பரில் ஒரு எழுத்தும் படிக்கவில்லையம்மா.

மாப்பிள்ளை தினமும் மத்தியானம் மீன்வள ஆபீசிலிருந்து அனுமதி வாங்கி வந்து, அந்த வெயிலில் என்னை பஸ்ஸில் ஏற்றி, முந்தின நாளே விசாரித்து வைத்த இடத்துக்கு அழைத்துப் போவார். முதலில் அவர் போய்ப் பரிமாறுகிறவரிடம் பேசிவிட்டு வந்து, "உள்ள போங்க மாமா, காரமில்லாம போடச் சொல்லியிருக்கேன்" என்பார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே நிற்பார். நீங்களும் உட்காருங்கள் என்று பத்து நாளில் ஒரு நாள்கூட என் வாயில் வரவில்லை. அமுதம் அம்மாள் ஒரு நாள் மோர் ஊற்றிக்கொண்டே, "வாசல்ல நிக்குற தம்பி உங்க புள்ளையா" என்று கேட்டார்கள். நான் இல்லை, தெரிந்த பையன் என்றேன். அவர் வாசற்படியில்தான் நின்றார், காதில் விழாமல் இருக்காது. திரும்பும்போது பஸ்ஸில் ஒரு இடம்தான் இருந்தது, அதில் என்னை உட்காரவைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நான் சொன்னது பெரிய தப்பு.

முந்தாநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவேட்டக்குடிக்குப் போனேன். உன் மாமியார் நீலாயதாட்சி வலைக் கொட்டகையிலிருந்து எழுந்து வந்து பாய் போட்டு, "வாங்க சம்பந்தி" என்றார்கள். கூச்சத்தை விட்டு, உங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடத்தான் வந்தேன் என்று சொன்னேன். அதற்கு அவர்கள், "ஒங்களுக்குச் சோறு போடறதுக்கு எங்களுக்கு என்னங்க கொறச்சல், ஆனா எம்புள்ள வீட்டுல நீங்க இன்னும் கை நனைக்கலையே, மொதல்ல அங்க சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் நான் எல போடறேன்" என்றார்கள். குரலை உயர்த்தவே இல்லை. தாகம் எடுத்தது, தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பி மிதித்து வரும்போது, பத்து நாள் நீ எப்படித் தாங்கினாய் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு ஒரு மத்தியானத்தைத் தாங்க முடியவில்லை.

வைகாசி பிறந்ததும் மாயவரம் போய் ரயிலேறி அம்மாவும் நானும் அங்கே வரலாமா என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். வாருங்கள் என்று நீ மட்டும் எழுதினால் போதாது, மாப்பிள்ளை கையால் ஒரு வரி வேண்டும். வேண்டாம் என்று அவர் எழுதினாலும் வருத்தப்பட மாட்டேன் என்று சொன்னால் பொய், வருத்தப்படுவேன், ஆனால் கோபப்பட மாட்டேன், கோபப்படுகிற பாத்தியதை எனக்கு இல்லை.

வெயிலில் வெறுங்காலோடு மாடிக்குத் துணி காயப்போடப் போகாதே. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு மனமொத்து வாழ எங்கள் ஆசீர்வாதம். பதிலை உடனே போடு, ஏனென்றால் நேற்றே கடைத்தெருவில் அத்தனை பேர் கேட்க, மாப்பிள்ளை வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன், நீங்கள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே.

இப்படிக்கு,
உன் அப்பா
மருதையன்