இடிராசாவும் தூக்க மாத்திரையும்

அன்பும், பாதியில் விட்ட ஒரு சண்டையும் உடைய என் வீட்டுக்காரருக்கு,

நானும் குட்டியும் சுகம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவைத் திறந்து போட்ட வீடு மாதிரி இருக்கிறாள். "அப்பா வர்றதுக்குள்ள முளைச்சிடுமா?" என்று தினமும் கேட்கிறாள். நான் என்ன சொல்வது? அது நீங்கள் போடப்போகும் கையெழுத்தில் இருக்கிறது. இன்னும் ஆறு மாதம் கப்பலிலேயே இருக்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள், அடுத்த துறைமுகத்தில் பதில் சொல்ல வேண்டும், அநேகமாகச் சரியென்றுதான் சொல்வேன் என்று வானிலை அறிக்கை வாசிப்பது போலச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது. இதை அறுபடாமல் சொல்ல வேண்டும், அதனால்தான் கடிதம். உங்கள் கம்பெனி ஆபீஸில் கொடுத்தால் கப்பலுக்கு முன்னாலேயே துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் இடிராசா எங்கள் அரங்கத்துக்கு வந்தார்! என் தூக்க மாத்திரையும் வந்தார்! இரண்டு பேரும் ஒரே வாரத்தில்!

பதினொரு வருடமாக இந்த இரண்டு பியானோ மேதைகளுக்கும் நம் வீட்டில் சொந்தப் பெயரே கிடையாது. உங்களவர் கை வைத்தால் ஜன்னல் அதிர்கிறது என்று நான் வைத்த பெயர் இடிராசா. என்னுடைய அம்மையார் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று நீங்கள் வைத்த பெயர் தூக்க மாத்திரை. நீங்கள் ரெக்கார்டு போட்டால் நான் எழுந்து சமையலறைக்குப் போவேன். நான் போட்டால் நீங்கள் சோபாவிலேயே வேண்டுமென்று குறட்டை விடுவீர்கள். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்த என் அக்கா, ஐயோ இந்த ஜோடி தேறாது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாளாம்!

எங்கள் மேலாளருக்கு விஷமம் அதிகம். இருவரையும் ஒரே உருப்படியை வாசிக்கச் சொல்லிவிட்டார். புதன்கிழமை அம்மையார், வெள்ளிக்கிழமை இடிராசா. அதே மேடை, அதே பியானோ, கூட வாசிக்க அதே நான்கு வயலின், செல்லோக்காரர்கள். பியானோ வாசிக்கிறவருக்கு இசைத்தாளில் பக்கம் புரட்ட இரண்டு நாளும் நான். வாரம் முழுவதும் அரங்கத்தில் ஒருவரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. டிக்கெட் கொடுக்கிற அம்மா ஒரு கட்சி, வாசலில் நிற்பவர் மறு கட்சி. பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர் மட்டும் இரண்டு பேரையும் திட்டினார்.

அவர் ஒரு விஷயம் சொன்னார். அம்மையார் வந்ததும் சத்தம் இன்னும் மென்மையாக வேண்டும் என்று கேட்டாராம். சரி, அடுத்தவர் கடப்பாரை கேட்பார் என்று காத்திருந்தால், இடிராசா பியானோ முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் இடது பக்கத்து நடுச் சுரங்களை மட்டும் ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்தாராம். "இந்த இடம் தெளிவா இருக்கணுங்க, இங்கதான் நான் பேசுறேன்" என்றாராம். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. மனுஷனுக்குப் பேசக்கூடத் தெரியுமா என்று கேட்டுச் சிரித்தேன்.

புதன்கிழமை என் அம்மையார் வாசித்ததை எப்படிச் சொல்வேன்! அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. பகலெல்லாம் என்னிடம் பாடம் படிக்க வரும் ஒன்பது பிள்ளைகள் நம் வீட்டுப் பியானோவைப் போட்டு உடைக்கிறதைக் கேட்கிறவள் நான். அந்த விரல்கள் மெல்ல இறங்கும்போது, யாரோ என் நெற்றியில் கை வைத்தது போல இருந்தது. பக்கங்களைப் பிசகாமல் புரட்டினேன். உங்களுக்கு ஒரு வெற்றிக் கடிதம் எழுத வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம் கூடச் செய்துவிட்டேன். நல்லவேளை, எழுதவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பேசியாக வேண்டும். நாம் இருவரும் பேசாமல் வைத்திருப்பது அதைத்தான்.

என் அக்காவும் உங்கள் சகலையும் சாப்பிட வந்தார்கள். நீங்கள் இடிராசாவைப் போட்டுவிட்டு, "அடியில ஒண்ணு ஓடுது, கேளுங்க" என்று சகலையிடம் சொன்னீர்கள். எல்லாரிடமும் சொல்வதுதான். நான் கரண்டியும் கையுமாக வந்து, "இன்ஜின் ரூம்ல செத்துப்போன காதுக்கு இடி மட்டும்தாங்க கேக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு ரெக்கார்டை எடுத்துத் துடைத்து உறையில் வைத்தீர்கள். அடுத்த வாரம் கப்பலேறுகிற வரைக்கும் அதை வெளியே எடுக்கவே இல்லை.

நீங்கள் போன பிறகு குட்டியின் பள்ளிக்கூடத் தாள் ஒன்றைத் தேடும்போது, உங்கள் மேஜையில் கம்பெனி டாக்டர் கொடுத்த சீட்டைப் பார்த்தேன். வலது காதில் மெல்லிய, உச்சமான ஒலிகள் குறைகின்றன என்று எழுதியிருந்தது. தேதி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால். அதை மடித்து வைத்துவிட்டு எனக்குச் சாம்பார்க் கரண்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாவியா, நீங்கள் பாவியா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. நான்தான் என்று வையுங்கள். மன்னித்துவிடுங்கள். இதைப் போனில் ஐந்து தடவை சொல்ல வாயெடுத்து, ஐந்து தடவையும் தண்ணீர்க் குழாய் ரிப்பேரைப் பற்றிப் பேசினேன்.

இப்போது வெள்ளிக்கிழமை.

பக்கம் புரட்டுகிறவளுக்குக் கண் போதும், காது ஆகாது. வாசிக்கிறவரின் இடது பக்கம் உட்கார வேண்டும், ஒரு வரி முன்னாலேயே படிக்க வேண்டும், கடைசி வரி வந்தால் எழுந்து தாளின் மேல் மூலையைப் பிடிக்க வேண்டும், அவர் தலையசைத்தால் புரட்ட வேண்டும். எட்டு வருடமாக ஒரு தாள் பிசகியதில்லை. இடிராசா தொடங்கியதும் நாற்காலி அதிர்ந்தது. போச்சுடா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ரெக்கார்டு என்றால் சமையலறைக்குப் போயிருப்பேன். மேடையில் எங்கே போவது?

அப்போதுதான் அவருடைய இடது கைக் கட்டைவிரலைப் பார்த்தேன். மற்ற ஒன்பது விரலும் இடித்துக்கொண்டிருக்க, அது மட்டும் தனியாக, மெதுவாக, ஒரு மெட்டைச் சொல்லிக்கொண்டு போனது. தாலாட்டு மாதிரி அவ்வளவு மெல்லிய ஒரு பாட்டு. இத்தனை இரைச்சலும் அதற்குக் காவலாகத்தான் நிற்கிறது என்று தோன்றியது. பதினொரு வருடமாக அடியில் ஓடுகிறது, கேள், கேள் என்றீர்களே, அதுதான் இது! ஸ்க்ரூடிரைவரை வாஷிங் மெஷின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, அந்தச் சத்தத்துக்குள்ளே தேய்ந்துபோன பேரிங்கைக் கண்டுபிடித்த காது அல்லவா உங்களுடையது. நாள் முழுக்க அதுதானே உங்கள் வேலை! செத்த காது என்னுடையதுதான்.

நான் அந்தப் பாட்டின் பின்னாலேயே போய்விட்டேன். எழுந்திருக்கவில்லை. தாளைப் பிடிக்கவில்லை. அவர் தலையசைத்தாராம், இன்னொரு தடவையும் அசைத்தாராம். மூன்று வரி மனப்பாடமாக ஓட்டிவிட்டு, வலது கையை வெடுக்கென்று நீட்டி அவரே புரட்டினார். இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டது. செல்லோக்காரர் கண் பிதுங்கிப் பார்த்தார். அந்தத் தாள் சத்தத்தில்தான் எனக்கு உயிர் வந்தது. ஒன்றைத் திருப்பிப் போட்டேன். அந்த மெட்டு மட்டும் அறுபடவே இல்லை, பாருங்கள்.

முடிந்ததும் மேலாளர் திரை ஓரத்தில் என்னை முழுங்குவது போல நின்றார். இடிராசாவோ வணங்கப் போகும்போது என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேடை நடுவில் நிறுத்திவிட்டார்! எங்கேயாவது பக்கம் புரட்டுகிறவள் வணங்கிப் பார்த்திருக்கிறீர்களா? முன் வரிசையில் குட்டி நாற்காலி மேல் ஏறி நின்று, பல்லில்லாத வாயால் "எங்கம்மா!" என்று கத்தினாள். மேலாளர் திட்டை விழுங்கிவிட்டுக் கை தட்டினார்.

உள்ளே போனதும், "எங்க போயிட்டீங்க?" என்று இடிராசா கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. "என் வீட்டுக்காரர் பதினோரு வருஷமா கேளுன்னு சொன்னது இன்னைக்குத்தாங்க கேட்டுச்சு" என்று கட்டைவிரலைக் காட்டினேன். உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். கப்பலில் இன்ஜின் பார்க்கிறார் என்றேன். மனுஷன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "என் பொண்டாட்டிக்கே இன்னும் கேக்கல, உங்க வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கே!" என்றார். இன்னொன்றும் கேளுங்கள், குறட்டை மன்னரே. புதன்கிழமை அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் அம்மையாரைக் கேட்டாராம். அழுதுவிட்டாராம். "அவங்கள மாதிரி வாசிக்க ஆசைதான், கை கேக்க மாட்டேங்குது" என்றார்.

நான் கட்சி மாறிவிட்டேன் என்று மட்டும் கப்பல் முழுக்கத் தம்பட்டம் அடிக்காதீர்கள். இப்போதும் என் அம்மையார்தான் எனக்கு உசத்தி. எனக்குத் தேவை நெற்றியில் வைக்கிற கை. உங்களுக்குத் தேவை சத்தத்துக்குள்ளே ஒளிந்திருப்பது. யார் பெரியவர் என்று கேட்டால் என்னால் இனி சொல்ல முடியாது. யார் என்னவர் என்றால் சொல்வேன். அதற்காக அடுத்தவருடைய ஆளைக் கேட்காமலே பழித்தேனே, அதுதான் தப்பு.

நான் புரட்டாமல் விட்ட அந்தத் தாளில் இடிராசா உங்களுக்காக நாலு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தபாலில் அனுப்ப மாட்டேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. குழாய் சரியாகிவிட்டது. என் ரெக்கார்டை எத்தனை தடவை போட்டாலும் குறட்டை விட ஆளில்லை. இவ்வளவு அமைதியை ஆசைப்பட்டவள்தான் நான், ஆனால் இது நான் கேட்ட அமைதி இல்லை. கையெழுத்துப் போடாதீர்கள். பல் முளைப்பதற்குள் வந்துவிடுங்கள். நல்ல காதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைத்து உட்காருங்கள், உங்கள் ஆளையே முதலில் போடுங்கள். நான் சமையலறைக்கு எழுந்து போக மாட்டேன்.

என்றும் உங்கள்,
எதிர்க்கட்சி