ஒளித்து வைத்த பேனை

மே 11, ஞாயிறு

வெயில். காற்றே இல்லை. கைக்கணினிக்குச் சின்னப் பற்றரி இரண்டு வாங்கவேண்டும். மிளகாய்த்தூள் இடிக்கக் கொடுக்கவேண்டும்.

பாரிசவாதத்தில் பேச்சுப் போனபின் என் கணவருக்கு அந்தப் பழைய கருவிதான் வாய். கொழும்புக் கந்தோரில் வேலை செய்தபோது வாங்கியது. கைத்தொலைபேசியில் எழுத்துகள் நெருக்கம், விரல் நடுங்கும்; தாளில் எழுதினால் எனக்கே விளங்காது. இதில் பிளாஸ்ரிக் பேனையால் ஒவ்வொரு எழுத்தாகக் கீறலாம். ஆங்கில எழுத்தில் தமிழ். இன்று எழுதியவை: உப்புக் காணாது. ஃபானைக் குறை. யன்னலைத் திற. யன்னலைச் சாத்து.

நித்திரையானதும் பேனையை எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன். எழும்பித் தேடினார்.

“காணேல்லையப்பா. எங்கையோ விழுந்திட்டுது.”

மே 12, திங்கள்

அமைதி. பேப்பர் முழுக்க வாசித்தேன். தேநீர் ஆறமுன் குடித்தேன்.

நகத்தால் கீறிப் பார்த்தார். பதியவில்லை. நேற்றுத்தான் நகம் வெட்டிவிட்டேன்.

மே 13, செவ்வாய்

காலையில் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். பேனை வைக்கும் இடம்.

“துலைஞ்சு போச்செண்டு எத்தினைதரம் சொல்லுறது!”

திரும்பவும் தட்டினார். கத்திவிட்டு உடுப்புக் காயப்போடப் போனேன். வந்து பார்த்தால் முகமெல்லாம் வியர்வை. என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ரஞ்சி ஓடிவந்தாள். “அக்கா, அண்ணைக்கு நெஞ்சு நோகுது போலை!”

ஓட்டோ. தெல்லிப்பழை ஆஸ்பத்திரி. மாரடைப்பு.

பையைத் தட்டவில்லை. நெஞ்சைத் தட்டியிருக்கிறார்.

மே 15, வியாழன்

ஆபத்து நீங்கியது. ரஞ்சி கருவியைக் கொண்டுவந்தாள். இளம் டொக்டர் கேட்டாள், “ஐயா, நெஞ்சு நோ எப்ப தொடங்கினது?”

கைப்பையைத் திறந்து பேனையைக் கொடுத்தேன். வேறு வழியில்லை. இவர் பேனையைப் பார்த்தார். கைப்பையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

எழுதினார்: செவ்வாய் விடிய.

“அப்பவே அம்மாட்டைச் சொல்லேல்லையோ?”

எழுதினார்: பேனையை நான் துலைச்சிட்டன்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனுசி சொல்கிறாள், “நீங்கள் பாக்கிற மாதிரி ஆர் பாப்பினம்!” தலையாட்டினேன். சீ.

மே 18, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. உப்பில்லாக் கஞ்சி. ஒன்றும் எழுதாமல் குடித்தார்.

கோப்பையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன். “இஞ்சாருங்கோ, பேனை துலையேல்லை. நான்தான் ஒளிச்சனான். களைச்சுப்போனன்.”

மெல்ல மெல்ல எழுதினார்: தெரியும்.

இன்னும் எழுதுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேனை கையில்தான் இருந்தது. திரை தானாக அணைந்துபோனது.