லான்யிங் இன்னும் முதல் வரியை எழுதவில்லை

அன்பு மகன் கெஷானுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் வேளைக்குக் கஞ்சி குடித்து உயிரோடு இருக்கிறோம், உருளைக்கிழங்கு பூத்துவிட்டது, ஆடு இரண்டும் சுகம். உரும்சியில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், பனியில் வேலை செய்து பிடித்த அந்த முதுகுவலி விட்டதா என்று எழுது. வழக்கம்போல லான்யிங்தான் இதை எழுதுகிறாள். அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்தாள், நான் எழுதக் கற்றிருந்தால் உன்னைக் கேட்டிருக்கமாட்டேன், எழுது என்றேன். ஒரு சொல் விடாமல் எழுதுவாள், அதில் அவள் அம்மாவைப் போல.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மார்க் வந்துவிட்டது. மாவட்டத்திலேயே அவள்தான் முதல். தலைநகரத்துப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு இந்த மார்க் தாராளம் என்று தலைமை ஆசிரியரே மூச்சிரைக்க மலையேறி வந்தார், பின்னாலேயே சிவப்புத் துணி, மேளம், வெடிச்சரம். கடைக்கார அத்தை வாசலிலிருந்தே வழிவிடுங்கடா, மந்திரியம்மா வர்றாங்க, இனிமே நம்மளையெல்லாம் கண்ணு தெரியுமோ என்னவோ என்று கேலி செய்தாள். உன் தங்கை வெளியே வந்தாள், வெடிச்சரத்தை வாங்கினாள், நேரே கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். எங்கம்மாவுக்கு வாசிக்காத மேளம் எனக்கு எதுக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க என்றாள். தலைமை ஆசிரியர் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமலே போனார்.

உனக்குத் தெரியாததில்லை. தேர்வு முடியும்வரை வீட்டுச் சாவைப் பிள்ளைக்குச் சொல்லாதது நம் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், உன் அம்மாவும் மூச்சு வாங்க வாங்க அதையேதான் கேட்டாள், புள்ள பரீட்சை எழுதிட்டு வரட்டுங்க, அதுவரைக்கும் நான் இருக்கேன்னே சொல்லுங்க என்றாள். அதனால் வாத்தியமில்லாமல், அழுகைச் சத்தமில்லாமல், விடியுமுன்னே தூக்கிப்போனோம். அம்மா உரும்சி ஆஸ்பத்திரியில் என்னோடுதான் இருக்கிறாள், தொண்டையில் குழாய் வைத்திருக்கிறார்கள், பேச முடியாது என்று நீ அவளிடம் ஃபோனில் சொன்னாய். அதை நம்பி, தேர்வு முடிந்ததும் அம்மா தொண்டைக்கு இதமாக இருக்கும், உனக்கு அனுப்பிவைக்கலாம் என்று ஒரு புட்டி பேரிக்காய்ப் பாகு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டிமேல் அம்மாவின் படம் இருந்தது, படத்துக்கு முன்னால் ஊதுபத்திச் சாம்பல் இருந்தது. புட்டியைப் பிடித்த பிடி விடாமல் அப்படியே நின்றாள். பிறகு கேட்டது ஒன்றுதான், ஊரு முழுக்கத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். பக்கத்து வீட்டு ஷியோயுன் அவளோடு ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை, அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் எனக்கு முட்டை உரிச்சுக் கொடுத்தாளா என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

இப்போது விஷயம் இது. எந்தப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று வரிசையாக எழுதும் தாளை நாளை மத்தியானத்துக்குள் பள்ளியில் கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாதாம். இரண்டாம் வரியில் நம் மாவட்ட ஆசிரியர் கல்லூரியை எழுதிவிட்டாள். தலைநகரத்துப் பல்கலைக்கழகம் வரவேண்டிய முதல் வரி வெறுமை. எனக்கு எழுத்துத் தெரியாது, வெறுமை தெரியும். ஏனம்மா என்று கேட்டேன். நான் அங்க போயிட்டா நீங்க எல்லாரும் மறைச்சது சரின்னு ஆயிடும்பா, அடுத்த வீட்டுலயும் இப்படியே பண்ணுவாங்க என்றாள். கெஷான், நான் கல் வேலைக்காரன், கற்களோடு மட்டும் பேசத் தெரிந்தவன். இரவெல்லாம் புரண்டு பார்த்து அவளிடம் ஒன்று மட்டும் சொன்னேன். நீ போனாலும் நாங்கள் மறைத்தது சரியாகாது, போகாவிட்டாலும் சரியாகாது, அது வேறு கணக்கு, அதை நான் சாகும்வரை சுமக்கிறேன், நீ சுமக்காதே என்றேன். இந்த இடத்தில் அவள் எழுதுவதை நிறுத்தினாள். வெளியே போய் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறாள்.

காலையில் அம்மாவின் மண்மேட்டுக்குப் போகிறாளாம், தாளையும் எடுத்துக்கொண்டு. மார்க்கை அம்மாவிடம் தானே சொல்ல வேண்டுமாம், யாரும் கூட வரக்கூடாதாம். அந்த வரியில் எதையாவது எழுதுவதானால் அங்கே உட்கார்ந்துதான் எழுதுவாளாம். என்ன எழுதுவாய் என்று நான் கேட்கவில்லை. எழுதிக்கொண்டு வந்து காட்டினாலும் எனக்குப் படிக்க வராது, நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

நீ அவளைத் திட்டாதே, கெஞ்சவும் கெஞ்சாதே. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு ஃபோன் போடு, அவள் எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போடு. எடுத்தால் முதுகு வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றே சொல், நல்லாத்தான் இருக்கேன் என்று அவளிடம் சொல்லிவிடாதே, இனி இந்த வீட்டில் அந்தச் சொல்லை அவள் நம்பமாட்டாள். நீ நோயில்லாமல், பசியில்லாமல், நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா நியே வான்ஃபூ
(கைநாட்டு)